பல்லைக் கடித்தால் பலம் வருமா?

கடினமான வேலை ஒன்று எதிரே வந்து நின்றால், "பல்லைக் கடித்துக்கொண்டு செய்து முடி" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தொங்கவிட்டு மேட்டில் ஏறியவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்துத் திடலில் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும்போது இழுப்பவர்களின் முகங்களைப் பாருங்கள். ஒருவர் வாய்கூடத் திறந்திருக்காது. எல்லார் தாடையும் இறுகியிருக்கும்.

அப்படியானால் பல்லுக்கும் உடல் பலத்துக்கும் ஏதோ ஒரு தொடர்பு இருக்கத்தானே வேண்டும்? மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தி அமைந்தவன் வேகமாக ஓடுவானா? எத்துப்பல் உள்ள பிள்ளை ஆட்டத்தில் பின்தங்கிவிடுமா? பல் பொருத்தத்தைச் சரிசெய்தால் கைகால்களில் வலு கூடும் என்று சொல்லி விற்கப்படும் தகடுகளைப் பணம் கொடுத்து வாங்கலாமா? விளையாட்டில் ஆசையுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இது வெறும் வேடிக்கைக் கேள்வி அன்று. ஆகவே, இந்த எண்ணம் எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, கடைசியில் சோதனையில் என்ன ஆயிற்று என்பதை இன்று நாம் வரலாற்றின் வழியாகப் பார்ப்போம்.

கதை இலண்டனில் தொடங்குகிறது. ஆனால் அதற்கு வேண்டிய பொருள் போனது நம் மண்ணிலிருந்துதான்.

மலாயாக் காடுகளில் கெத்தா பெர்ச்சா என்னும் பிசினைத் தரும் மரம் உண்டு. நாம் சீவிய இரப்பர் மரம் வேறு, இது வேறு. இரப்பர் மரம் பிரேசில் நாட்டிலிருந்து வந்தது. இதுவோ இந்த வட்டாரத்துக்கே உரியது. இதன் பிசின் வெந்நீரில் போட்டால் மெழுகுபோல் இளகும். ஆறியவுடன் கொடுத்த வடிவத்திலேயே இறுகிவிடும். மலாய் மக்கள் இதைக் கொண்டு கத்திப் பிடிகள் செய்துவந்தார்கள். சிங்கப்பூரில் அரசாங்க மருத்துவராக இருந்த வில்லியம் மாண்ட்கோமரி அதைக் கவனித்து, 1843இல் இலண்டனுக்கு மாதிரிகள் அனுப்பினார். அதன்பின் கடலுக்கடியில் போடும் தந்திக் கம்பிகளுக்கு உறையாகவும், கோல்ப் பந்தாகவும், சொத்தைப் பல்லை அடைக்கும் பொருளாகவும் அது உலகமெங்கும் பரவியது. பல்லின் வேர்க்குழியை அடைக்க இன்றைக்கும் பல் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

1890ஆம் ஆண்டில் இலண்டன் பல் மருத்துவர் உல்ப் கிராவுஸ் இதே கெத்தா பெர்ச்சாவைப் பட்டையாக்கி, குத்துச்சண்டை வீரர்களின் மேல் முன்பற்களின்மேல் வைத்தார். அவர்கள் உதடு பல்லில் பட்டுக் கிழிந்துவிடாமல் காப்பதே நோக்கம். அந்தப் பட்டை தானாக நிற்காது. அதைப் பிடித்துவைக்க வீரர் பல்லைக் கடித்துக்கொண்டே சண்டையிட வேண்டும். அவருடைய மகன் பிலிப் கிராவுஸும் பல் மருத்துவர், குத்துச்சண்டை பழகியவர். அவர் பல்லின் அச்சுக்கு ஏற்பப் பொருந்தி, மீண்டும் மீண்டும் பயன்படுத்தக்கூடிய கவசம் ஒன்றைச் செய்தார். அதை அணிந்து பெயர் பெற்றவர் டெட் கிட் லூயிஸ் என்னும் ஆங்கிலேய வீரர். அவர் 1915இல் தம் எடைப் பிரிவில் உலக வெற்றி வீரரானவர்.

இங்கேதான் நம் கேள்வியின் முதல் விதை விழுந்தது. 1921இல் நியூயார்க் நகரில் லூயிஸ் தம் நீண்டகாலப் போட்டியாளரான ஜாக் பிரிட்டனுடன் மோதினார். லூயிஸ் வாயில் இருக்கும் பொருள் சட்ட விரோதமானது, செயற்கையான துணை என்று பிரிட்டனின் தரப்பார் முறையிட்டார்கள். அந்த முறையீடு ஏற்கப்பட்டது. காப்பதற்காகச் செய்த பொருளை, எதிராளிக்கு மேல்கை கொடுக்கும் பொருளாகப் பார்த்தார்கள். பற்கவசம் காக்கிறதா, பலம் கூட்டுகிறதா என்ற குழப்பம் அன்றே தொடங்கிவிட்டது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1927இல், அதே நகரில் மைக் மெக்டீக் என்பவர் ஜாக் ஷார்க்கியோடு சண்டையிட்டார். மெக்டீக்தான் முன்னணியில் இருந்தார். ஆனால் அவருடைய பல் ஒன்று உடைந்து, அதன் கூர்முனை உதட்டை ஆழமாக வெட்டிவிட்டது. இரத்தம் நிற்கவில்லை, ஆட்டம் நிறுத்தப்பட்டது, வெல்லவேண்டியவர் தோற்றார். இதன்பிறகுதான் பற்கவசத்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது. ஓர் உடைந்த பல் பேசியதைப் பல வருட வாதங்கள் பேசவில்லை.

குத்துச்சண்டை மேடையிலிருந்து பற்கவசம் அமெரிக்கக் காற்பந்துத் திடலுக்குப் போனது. நம் பிள்ளைகள் ஆடும் காற்பந்து அன்று அது. ஆளோடு ஆள் மோதி வீழ்த்தும் முரட்டு ஆட்டம். ஒவ்வொரு பருவத்திலும் இளைஞர்கள் பற்களை இழந்துகொண்டிருந்தார்கள். 1960இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், மோதல் உள்ள விளையாட்டுகளில் இரப்பர் பாலால் செய்த பற்கவசம் அணியும்படி பரிந்துரைத்தது. இரப்பர் பால் என்றால் நமக்குத் தெரியாததா? இருட்டில் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நம்மவர் சீவி எடுத்த பொருள் அது. 1962இல் அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிக் காற்பந்து வீரர்களுக்கும், 1973இல் கல்லூரி வீரர்களுக்கும் பற்கவசம் கட்டாயமாயிற்று.

இவ்வளவும் காப்பைப் பற்றியது. பலத்தைப் பற்றிய பேச்சு இதற்கு நடுவிலேயே முளைத்தது. 1964இல் ஜான் ஸ்டெங்கர் என்னும் பல் மருத்துவரும் அவருடைய துணைவர்களும், நோத்ரே தாம் பல்கலைக்கழகக் காற்பந்து வீரர்களிடையே கண்டதை எழுதினார்கள். பற்கவசம் பல்லை மட்டுமல்லாமல் தலைக்கும் கழுத்துக்கும் வரும் அதிர்ச்சியையும் குறைக்கிறது என்று அவர்கள் கருதினார்கள். தாடை இருக்கும் நிலை உடலின் மற்ற பாகங்களையும் பாதிக்குமோ என்ற எண்ணம் இதனால் வலுத்தது.

இந்த எண்ணம் முற்றிலும் பைத்தியக்காரத்தனமானதும் அன்று. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். அங்கே ஒரு மூட்டு அசைவது தெரியும். தாடையை மூடும் தசைகள் கன்னத்திலும் நெற்றிப் பொட்டிலும் விரிந்திருக்கின்றன. அவை இறுகும்போது கழுத்துத் தசைகளும் கூடவே இறுகுகின்றன. பற்கள் சரியாகப் பொருந்தாவிட்டால் இந்தத் தசைகள் ஒருபக்கமாக இழுபடும், அந்த இழுப்பு கழுத்து, தோள், கை என்று பரவிப் பலத்தைக் குறைக்கும் என்று சிலர் வாதிட்டார்கள். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும்.

நியூயார்க் பல் மருத்துவர் ஹெரால்டு கெல்ப், தாடை மூட்டு வலிக்காகக் கீழ்க் கடைவாய்ப் பற்களின்மேல் பொருத்தும் சிறு தகடு ஒன்றைப் பரப்பினார். அது தாடையைச் சற்று வேறிடத்தில் நிறுத்தும். அந்த வகைத் தகட்டை விளையாட்டு வீரர்களும் அணியத் தொடங்கினார்கள். 1978இல் ஸ்டீபன் ஸ்மித் என்னும் மருத்துவர், பிலடெல்பியா நகரத் தொழில்முறைக் காற்பந்து வீரர்களைச் சோதித்து, தாடையின் நிலைக்கும் தசை வலிமைக்கும் தொடர்பு உண்டு என்று எழுதினார். 1980 குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி, அமெரிக்கச் சறுக்குவண்டி வீரர்கள் சிலரும் தகடு அணிந்து பயன் கண்டதாகச் செய்தி வந்தது. பத்திரிகைகள் விடுமா? பல்லைத் திருத்தினால் பதக்கம் கிடைக்கும் என்பதுபோல் பேச்சு பரவியது.

இனி, அந்தச் சோதனை எப்படி நடந்தது என்று பார்ப்போம். பெரும்பாலும் இப்படித்தான்: வீரர் கையைப் பக்கவாட்டில் நீட்டுவார். மருத்துவர் அதைக் கீழே அழுத்துவார். கை தாழும். பிறகு பற்களுக்கிடையே மெழுகுத் துண்டையோ தகட்டையோ வைத்து மறுபடி அழுத்துவார். இம்முறை கை தாழாமல் நிற்கும். பார்த்தவர்கள் வியந்துபோனார்கள்.

இதில் குறை எங்கே இருக்கிறது? பால் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். "இன்றைக்கு என் வாளி கனம்" என்று சீவினவர் சொல்வார். "அவ்வளவு இல்லை" என்று கிராணி சொல்வார். இருவரும் பொய்யர்கள் அல்லர். ஆனால் இருவருடைய மனமும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆகவே வாளியைத் தராசில் ஏற்ற வேண்டும். தகட்டுச் சோதனையில் தராசே இல்லை. அழுத்தும் மருத்துவருக்குத் தகடு இருப்பது தெரியும். நீட்டும் வீரருக்கும் தெரியும். பலம் வரும் என்று நம்பியவர் தம்மை அறியாமலே கூடுதலாக எதிர்த்து நிற்பார். பலம் வரும் என்று நம்பும் மருத்துவர் தம்மை அறியாமலே மெதுவாக அழுத்துவார்.

இதைச் சரிசெய்ய வழி ஒன்று உண்டு. உண்மைத் தகட்டையும், அதைப் போலவே தோன்றினாலும் தாடையை இடம் மாற்றாத வெறும் தகட்டையும் செய்ய வேண்டும். எது எது என்று வீரருக்கும் தெரியக்கூடாது, அளப்பவருக்கும் தெரியக்கூடாது. பலத்தைக் கையால் அழுத்திப் பார்க்காமல் கருவியால் அளக்க வேண்டும். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்களைக் கொண்டு இப்படி நடத்திய ஆய்வு ஒன்று 1981இல் வெளியானது. உண்மைத் தகட்டுக்கும் வெறும் தகட்டுக்கும் பலத்தில் வேறுபாடு தெரியவில்லை. 1984இல் வந்த வேறோர் ஆய்வும் அதே முடிவைத்தான் சொன்னது. அதற்குப் பிறகும் வியாபாரம் ஓயவில்லை. 21ஆம் நூற்றாண்டில் புதுப்பெயர்களோடு விலை உயர்ந்த தகடுகள் மறுபடி சந்தைக்கு வந்தன. கடைகளில் விற்கும் அத்தகைய கவசங்களைக் கல்லூரி வீரர்களிடம் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், சமநிலை, வளைந்துகொடுக்கும் தன்மை, சுறுசுறுப்பு, வலிமை ஆகிய எதிலும் ஏற்றம் காணப்படவில்லை.

அப்படியானால், கயிறு இழுப்பவர் பல்லைக் கடிப்பது வீண் வேலையா? இல்லை. அதிலும் ஓர் உண்மை இருக்கிறது. 1880களில் யென்டிராசிக் என்னும் ஹங்கேரி நாட்டு மருத்துவர் ஒரு செய்தியைக் கண்டறிந்தார். உயரமான மேசையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு, முழங்காலின் சிரட்டைக்குக் கீழே மெதுவாகத் தட்டினால் கால் தானாக உதைக்கும். அந்த நேரத்தில் இரு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்துப் பக்கத்துக்கு ஒன்றாக இழுத்துக்கொண்டிருந்தால் உதை பெரிதாகும். பல்லை இறுகக் கடித்தாலும் அப்படியே ஆகும். உடலின் ஓரிடத்தில் தசையை இறுக்கும்போது நரம்பு மண்டலம் முழுவதும் சற்று விழித்துக்கொள்கிறது. பிற்கால ஆய்வுகள் சிலவற்றில், பல்லைக் கடித்துக்கொண்டு குதித்தவர்களுக்குச் சிறு ஏற்றம் கிடைத்தது. வேறு சிலவற்றில் எதுவும் கிடைக்கவில்லை. எப்படியானாலும் அது கடிப்பதால் வரும் பயன். பல் வரிசை நேராக இருப்பதால் வருவது அன்று. எத்துப்பல்காரரும் பல்லைக் கடிக்கலாம், முத்துப்பல்காரரும் கடிக்கலாம். பெரியவர்கள் சொன்ன வாக்கு பொய்யாகவில்லை. அதன்மேல் கட்டிய வியாபாரம்தான் பொய்த்தது.

ஆகவே பெற்றோர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். பல் கோணலாக இருப்பதால் உங்கள் பிள்ளை பலம் குறைந்தவன் ஆகிவிட மாட்டான். பந்தயத்தில் வெல்வதற்காகப் பல்லுக்குக் கம்பி கட்ட வேண்டியதில்லை. மெல்ல முடியவில்லை, துலக்க முடியவில்லை, தாடை வலிக்கிறது என்றால் அது வேறு; அதற்குப் பல் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும்.

ஆனால் எத்துப்பல்லுக்கும் விளையாட்டுக்கும் உண்மையான தொடர்பு ஒன்று இருக்கிறது. அது பலத்தைப் பற்றியது அன்று, ஆபத்தைப் பற்றியது. மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை விட 3 மில்லிமீட்டருக்கு மேல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு, அந்தப் பற்கள் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழங்கை படும் முதல் இடம் அதுதான். இந்தப் பிள்ளைகளுக்குப் பற்கவசம் மற்றவர்களைவிட அவசியம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர்கள், பற்கவசம் அணியாதவர்களுக்கு வாயிலும் முகத்திலும் காயம் படும் வாய்ப்பு அணிந்தவர்களைவிட 1.6 முதல் 1.9 மடங்கு வரை கூடுதல் என்று 2007இல் எழுதினார்கள். மூளை அதிர்ச்சியை அது தடுக்கும் என்பதற்கு மட்டும் உறுதியான சான்று இல்லை.

இன்னொரு தொடர்பும் உண்டு. 2012இல் இலண்டன் ஒலிம்பிக் நடந்தபோது, அங்கிருந்த பல் மருத்துவ நிலையத்துக்கு வந்த வீரர்களில் 302 பேரை ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். அவர்களில் 55 விழுக்காட்டினருக்குச் சொத்தைப் பல் இருந்தது. 76 விழுக்காட்டினருக்கு ஈறு வீக்கம் இருந்தது. 18 விழுக்காட்டினர், வாய்க் கோளாறு தங்கள் பயிற்சியையோ ஆட்டத்தையோ பாதித்ததாகச் சொன்னார்கள். பல் மருத்துவரைத் தேடி வந்தவர்களிடம் எடுத்த கணக்கு என்பதால் எல்லா வீரர்களுக்கும் இது பொருந்தாது. ஆனாலும் உலகத்தின் சிறந்த உடல்களுக்குள்ளேயே சொத்தைப் பல் இருந்தது என்பதை நாம் மறக்கக்கூடாது. இரவெல்லாம் பல்வலியில் புரண்ட பிள்ளை காலையில் எப்படி ஓடும்? தகட்டில் தேடிய பலத்தைக் காசில்லாமல் தருவது காலையும் இரவும் ஒழுங்காகப் பல் துலக்குவதுதான்.

இந்த நாட்டில் இதற்கான வழி நமக்குப் புதியதன்று. 1949இலேயே பினாங்கில் பள்ளிப் பல் தாதியருக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கே பயின்ற தாதியர் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்தார்கள். அவர்களைக் கண்டதும் மேசைக்கடியில் ஒளிந்த பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளை ஒளியவிடாமல் அழைத்துப் போவது அவர்கள் கடமை.

முடிக்குமுன் ஒரு நிகழ்ச்சி. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்துத் திடலில் காற்பந்து இறுதி ஆட்டத்தை நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். பந்துக்குத் தலை கொடுத்த இரண்டு பையன்கள் மோதிக்கொண்டார்கள். ஒருவனுடைய முன்பல் வேரோடு கழன்று புல்லில் விழுந்தது. நல்லெண்ணத்தோடு ஒருவர் அதைத் தேய்த்துக் கழுவி, கைக்குட்டையில் மடித்துப் பையில் வைத்தார். வண்டி கிடைத்துப் பட்டணம் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பல் காய்ந்து வீணாகிவிட்டது. திடலை ஒட்டிய வீட்டில் பசு கட்டியிருந்தது, பாலும் இருந்தது. அதன் பயன் அன்று நம்மில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆகவே இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். விழுந்தது நிலைப்பல் என்றால், அதன் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள்; வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ சுத்தமான நீரிலோ சில விநாடிகள் அலசுங்கள். முடிந்தால் உடனே அதே குழியில் பொருத்தி, துணியை மெதுவாகக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பசும்பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். டின்னில் வரும் இனிப்புப் பால் ஆகாது. எவ்வளவு விரைவில் பல் மருத்துவரிடம் சேர்கிறீர்களோ அவ்வளவு நல்லது. ஒரு மணி நேரத்தைத் தாண்டவிடாதீர்கள். விழுந்தது பால்பல் என்றால் திரும்பப் பொருத்தக்கூடாது. ஆனாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

விளையாட்டுப் பொருள் கடைகளில், வெந்நீரில் போட்டு இளக்கி, வாயில் வைத்துக் கடித்துப் பதியவைக்கும் பற்கவசம் கிடைக்கிறது. இளகி இறுகும் அந்தக் குணம் நம் காட்டுப் பிசினின் குணமேதான். இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. பல்லுக்குக் கம்பி கட்டிய பிள்ளைகள் மட்டும் மருத்துவரிடம் கேட்டு அணிய வேண்டும். வாங்கும்போது, இது பலம் தரும் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே கேளுங்கள். பல்லைக் காக்கும் என்று சொன்னால் நம்பி வாங்குங்கள்.